யாசுகுனி: வெளிநாட்டுச் செய்திக்குள் மறைந்துபோகும் ஒரு சட்டக் கேள்வி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும், ஜப்பான் போர் முடிந்த நாளாக நினைவுகூரும் ஆகஸ்ட் 15 நெருங்கும்போது, ஜப்பானின் மரபுச் சமயமான ஷின்டோவைச் சேர்ந்ததும் போரில் இறந்தோரைத் தெய்வமாக வணங்குவதுமான, டோக்கியோவிலுள்ள யாசுகுனி ஆலயத்துக்கு ஜப்பானியப் பிரதமர் நேரில் சென்றாரா, காணிக்கை மட்டும் அனுப்பினாரா, அமைச்சர்கள் எத்தனை பேர் சென்றார்கள் என்ற செய்தி நம் நாளிதழ்களில் வெளிவருகிறது. சீனாவும் தென்கொரியாவும் கண்டனம் தெரிவித்தன என்ற வரியோடு அது பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அந்தச் செய்தியில் பிழை ஏதும் இல்லை. ஆனால் அதை மட்டும் படிப்பவர், இது பழைய போரின் பகை தீராத நாடுகளுக்கு இடையிலான மனத்தாங்கல் என்றே எண்ணிக்கொள்வார். ஜப்பானியக் குடிமக்களே தங்கள் அரசமைப்புச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அரசு ஒரு சமயத்தின் வழிபாட்டில் ஈடுபடலாமா என்ற கேள்வியை அறுபது ஆண்டுகளாகத் தங்கள் நீதிமன்றங்களில் எழுப்பி வருகிறார்கள் என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. வழக்கறிஞர் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற பின் ஜப்பானிய அரசமைப்பு வழக்குகளைத் தொடர்ந்து படித்து வருபவன் என்ற முறையில் அந்தப் பக்கத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன். கடிதம் நீள்வதைப் பொறுத்தருள வேண்டும்.

1947 மே 3 முதல் நடைமுறையில் உள்ள ஜப்பானிய அரசமைப்பின் 20-ஆம் பிரிவு, எந்தச் சமய அமைப்பும் அரசிடமிருந்து சலுகை பெறவோ அரசியல் அதிகாரம் செலுத்தவோ கூடாது என்கிறது. எவரையும் சமயச் சடங்கில் பங்கேற்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. அரசும் அதன் உறுப்புகளும் எந்தச் சமயச் செயலிலும் ஈடுபடக் கூடாது என்கிறது. 89-ஆம் பிரிவு, சமய நிறுவனங்களின் பயன்பாட்டுக்குப் பொதுப்பணம் செல்வதைத் தடுக்கிறது. நம் அரசமைப்பின் சொற்களைவிட இவை இறுக்கமானவை. அந்த இறுக்கத்துக்கான காரணத்தை 1945-க்கு முந்தைய முக்கால் நூற்றாண்டில்தான் தேட வேண்டும்.

1868-இல் மெய்ஜி அரசு அமைந்த கையோடு, பல நூற்றாண்டுகளாக ஒரே வளாகத்தில் கலந்து வழிபடப்பட்டு வந்த புத்தரையும், காமி எனப்படும் ஷின்டோ தெய்வங்களையும் பிரிக்க ஆணை பிறந்தது. 1889-ஆம் ஆண்டு அரசமைப்பு, குடிமக்களுக்குரிய கடமைகளுக்கு முரணாகாத வரை சமய உரிமை உண்டு என்று அறிவித்தது. மேலை நாடுகளுக்குக் காட்டச் சமய உரிமையும் வேண்டும், குடிமக்கள் அனைவரும் பேரரசரின் முன்னோரை வணங்கவும் வேண்டும். இந்த இரண்டையும் ஒருசேர நிறைவேற்ற அதிகாரிகள் கண்ட வழி, ஷின்டோ ஆலயம் சமயத்தைச் சேர்ந்ததே அன்று, அது நாட்டின் சடங்கு என்று வரையறுத்துவிடுவதாக இருந்தது. 1882-இல் அரசு ஆலயங்களின் பூசகர்கள் சமயப் போதனை செய்வதும் ஈமச்சடங்கு நடத்துவதும் தடுக்கப்பட்டன. 1900-இல் உள்துறை அமைச்சகத்துக்குள் ஆலயங்களுக்கு ஒரு துறை, சமயங்களுக்கு வேறொரு துறை என்று அலுவலகமே இரண்டாயிற்று. பௌத்தமும் கிறிஸ்தவமும் சமயம் என்ற தலைப்புக்குக் கீழே போயின. ஆலயம் அதற்கு வெளியே, குடிமகனின் கடமை என்ற தலைப்புக்குக் கீழே வந்தது.

இந்த வரையறை என்ன செய்தது என்பதற்கு இரண்டு நிகழ்வுகளைச் சொன்னால் போதும். 1932-இல், டோக்கியோவிலுள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகமான சோபியாவின் மாணவர் சிலர் யாசுகுனியில் தலைவணங்க மறுத்தபோது, இராணுவம் அக்கல்லூரியை நெருக்கியது. நான்கு ஆண்டுகளுக்குப் பின், இது குடிமைச் செயல்தான் என்று வாட்டிகனே ஏற்றுக்கொண்டு கத்தோலிக்கரை வணங்க அனுமதிக்க வேண்டியதாயிற்று. ஜப்பானின் ஆட்சியில் இருந்த கொரியாவில் 1930-களின் பிற்பகுதியில் ஆலய வணக்கம் கட்டாயமாக்கப்பட்டது. மறுத்த பாதிரியார் சூ கி-சோல் 1944-இல் பியோங்யாங் சிறையில் உயிர்விட்டார். வணங்கினால் உன் சமயத்துக்கு என்ன கேடு, இது சமயமே இல்லையே என்பதுதான் அவர்கள் எல்லோரிடமும் கேட்கப்பட்ட கேள்வி.

அந்த வரையறை ஷின்டோவையே எவ்வளவு காயப்படுத்தியது என்பதையும் சொல்ல வேண்டும். நம்மில் பலர் அறியாத பகுதி இது. ஆலயம் அரசின் கருவி என்றான பிறகு, அதை நிர்வாக வசதிக்கேற்ப ஒழுங்குபடுத்தும் உரிமையும் அரசுக்கு வந்துவிடுகிறது. 1906-இல், சிற்றாலயங்களை ஒன்றிணைக்க ஆணை வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ 70,000 ஆலயங்கள் மறைந்தன. வகாயாமா, மியே ஆகிய மாவட்டங்களில் அழிவு மிகுதி. நாம் கோயில்காடு என்று சொல்கிறோமே, அதைப் போன்ற ஆலயத் தோப்புகள் அங்கே ஊர்தோறும் உண்டு. பல நூறாண்டுப் பழமையான மரங்கள் வெட்டி விற்கப்பட்டன. பாசிகளையும் பூஞ்சைகளையும் ஆராய்ந்த மினகாதா குமாகுசு என்ற அறிஞர் இதை எதிர்த்து எழுதியும் வாதாடியும் ஓயாமல் போராடினார். 1910-இல் அதிகாரிகள் கலந்துகொண்ட ஒரு கூட்டத்துக்குள் அவர் ஆத்திரத்தோடு நுழைந்து, அதற்காகச் சில நாள் சிறையிலும் இருந்தார். தனாபே விரிகுடாவிலுள்ள காஷிமா தீவின் காடு இன்றும் நிற்பதில் அவர் பங்கு பெரிது. ஊராரின் தெய்வத்தை ஊராரிடமிருந்து பறித்தது வேற்றுச் சமயத்தார் அல்லர், ஷின்டோவைப் போற்றுவதாகச் சொன்ன அரசுதான். ஷின்டோ பாரம்பரியத்தைக் காக்க அரசின் ஆதரவு தேவை என்று இன்று வாதிடுவோரிடம் இந்த வரலாற்றைத்தான் முதலில் நினைவூட்டத் தோன்றுகிறது.

1945 டிசம்பர் 15-இல் நேச நாடுகளின் தலைமையகம், ஷின்டோவுக்கும் அரசுக்கும் இருந்த தொடர்பை அறுத்து ஆணையிட்டது. யாசுகுனியும் மற்ற ஆலயங்களைப் போலவே தனியார் சமய நிறுவனமாயிற்று. 1946 பிப்ரவரியில் ஜின்ஜா ஹோன்ச்சோ என்ற ஆலயங்களின் கூட்டமைப்பு உருவாயிற்று. அதன் அரசியல் பிரிவான ஷின்டோ அரசியல் சங்கம் 1969-இல் தோன்றியது. அதை ஆதரிக்கும் நாடாளுமன்ற உறுப்பினர் குழுவில் ஆளுங்கட்சியினர் பெரும் எண்ணிக்கையில் இடம்பெற்றிருக்கிறார்கள். 2000 மே மாதம் அந்த வட்டத்தின் கூட்டத்தில்தான், ஜப்பான் பேரரசரை நடுவாகக் கொண்ட தெய்வ நாடு என்று அன்றைய பிரதமர் மோரி யோஷிரோ பேசிப் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தார்.

இனி நீதிமன்றத்துக்கு வருகிறேன். 1965 ஜனவரியில் மியே மாவட்டத்தின் சு நகராட்சி, உடற்பயிற்சிக் கூடம் ஒன்றைக் கட்டத் தொடங்குமுன், ஷின்டோ பூசகர்கள் நால்வரை அழைத்து ஜிச்சின்சாய் என்ற சடங்கை நடத்தியது. நம் பூமி பூஜையை நினைத்துக்கொண்டால் போதும். நகராட்சி அதற்குச் செலவிட்ட பொதுப்பணம் 7,663 யென். நகர்மன்ற உறுப்பினர் ஒருவர் அதைத் திருப்பிச் செலுத்த வேண்டும் என்று வழக்குத் தொடுத்தார். நாகோயா உயர் நீதிமன்றம் 1971-இல் அவர் பக்கம் நின்றது. 1977 ஜூலை 13-இல் பதினைந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற முழு அமர்வு, 10-க்கு 5 என்ற கணக்கில் அதை மாற்றியது. அரசையும் சமயத்தையும் முற்றாகப் பிரிப்பது நடைமுறையில் இயலாது, ஒரு செயலின் நோக்கம் சமயம் சார்ந்ததா, அதன் விளைவு ஒரு சமயத்தை வளர்ப்பதோ ஒடுக்குவதோ ஆகுமா என்றே பார்க்க வேண்டும், கட்டடம் கட்டுவோர் பலரும் வழக்கமாகச் செய்யும் ஜிச்சின்சாய் பொதுமக்கள் கண்ணில் உலகியல் சடங்காகிவிட்டது என்பது பெரும்பான்மையினரின் கருத்து. எதிர்த்து எழுதிய ஐவரில் தலைமை நீதிபதி புஜிபயாஷி எகிசோவும் ஒருவர். தலைமை நீதிபதியே சிறுபான்மையில் நின்ற தீர்ப்பு அது.

பெரும்பான்மைத் தீர்ப்பை நான் எளிதாக ஒதுக்கிவிடவில்லை. புத்தாண்டில் ஆலயத்துக்குச் செல்லும் கோடிக்கணக்கான ஜப்பானியரில் பலர், உங்கள் சமயம் என்ன என்று கேட்டால் எதுவுமில்லை என்றே விடை சொல்வார்கள். பிள்ளைகளை மூன்று, ஐந்து, ஏழு வயதில் ஆலயத்துக்கு அழைத்துச் செல்வதும் தேர்வுக்கு முன் மரப்பலகையில் வேண்டுதல் எழுதித் தொங்கவிடுவதும் அவர்களுக்கு வாழ்க்கையின் பகுதி. அது பொய்யான விடையும் அன்று. ஆயினும், தனி மனிதர் தம் வழிபாட்டை வழக்கம் என்று சொல்லிக்கொள்வதும், அரசு ஒரு வழிபாட்டை வழக்கம் என்று அறிவிப்பதும் ஒன்றாகா. முன்னது அவரவர் மனம். பின்னது 1882-இலும் 1900-இலும் எடுக்கப்பட்ட அதே அடி. அரசு அப்படி அறிவித்த பிறகு, மறுத்து நிற்பவர் தம் மனச்சான்றுக்காக நிற்பவராகத் தோன்றமாட்டார். ஊரோடு ஒத்துப்போகாதவராகவே தோன்றுவார்.

1988-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றைப் படித்தபோது இதை நான் மிக வருத்தத்தோடு உணர்ந்தேன். தற்காப்புப் படையைச் சேர்ந்த ஒருவர் 1968-இல் பணியின்போது சாலை விபத்தில் இறந்தார். அவர் மனைவி கிறிஸ்தவர். கணவரின் சாம்பலைத் தம் தேவாலயத்தில் வைத்துத் தம் நம்பிக்கைப்படி நினைவுகூர்ந்து வந்தார். அவர் வேண்டாம் என்று சொல்லியும், முன்னாள் படையினர் சங்கம், தற்காப்புப் படை அலுவலகத்தின் ஒத்துழைப்போடு விண்ணப்பித்து, 1972-இல் யாமாகுச்சி மாவட்டத்தில், நாட்டுக்காக இறந்தோரை வணங்கும் கோகோகு ஆலயத்தில் அவர் கணவரைத் தெய்வமாகச் சேர்ப்பித்தது. கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் அந்தப் பெண்ணுக்கே நியாயம் வழங்கின. உச்ச நீதிமன்றம் 14-க்கு 1 என்ற கணக்கில் அதை நீக்கியது: விண்ணப்பித்தது தனியார் சங்கம்; பிறர் தம் நம்பிக்கைப்படி செய்யும் வழிபாட்டை அவர் சகித்துக்கொள்ள வேண்டும். சகிப்பு என்ற சொல் சிறுபான்மையினரைக் காக்கப் பிறந்தது. இங்கே ஒரு தனிப்பெண்ணிடம், பெரும்பான்மையினர் பொருட்டு அது கேட்கப்பட்டது. தனித்து நின்ற நீதிபதி இட்டோ மசாமியின் மாறுபட்ட கருத்தைச் சட்ட மாணவர்கள் அனைவரும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

1997 ஏப்ரல் 2-இல் முதன்முறையாகக் காற்று திசை மாறியது. ஷிகோகு தீவிலுள்ள எஹிமே மாவட்ட நிர்வாகம், 1981 முதல் 1986 வரை யாசுகுனி ஆலயத்துக்கும் உள்ளூர் கோகோகு ஆலயத்துக்கும் தமாகுஷி என்ற மரக்கிளைக் காணிக்கை முதலியவற்றுக்காக மொத்தம் 1,66,000 யென் கொடுத்திருந்தது. 13-க்கு 2 என்ற கணக்கில் இது அரசமைப்புக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டடத் தொடக்கச் சடங்கைப் போல இதை வெறும் சமூக மரியாதை என்று யாரும் கருதமாட்டார்கள், ஒரு குறிப்பிட்ட சமயத்துக்கு அரசு தனி ஆதரவு தருவதாகவே இது தோன்றும் என்றது தீர்ப்பு. 2010 ஜனவரி 20-இல், ஹொக்கைடோவின் சுனகாவா நகராட்சி தன் நிலத்தை ஓர் ஆலயத்துக்கு இலவசமாகத் தந்திருந்ததும் முரண் என்றாயிற்று. ஆனால் ஆலயத்தை இடித்தால் வழிபடுவோரின் உரிமை பறிபோகும் என்பதையும் நீதிமன்றம் எண்ணிப் பார்த்தது. இறுதியில் நிலத்தின் ஒரு பகுதியை வாடகைக்குக் கொடுத்துச் சிக்கல் தீர்ந்தது. 2021-இல் ஒகினாவாவின் நாஹா நகரப் பூங்காவிலிருந்த கன்பூசியஸ் ஆலயத்துக்கும் இதே அளவுகோல் பொருந்தியது. ஷின்டோவைக் குறிவைத்து நீதிமன்றம் இயங்கவில்லை என்பதற்கு அதுவே சான்று.

இப்படியெல்லாம் தீர்ப்பளித்த நீதிமன்றம் பிரதமரிடம் வந்ததும் ஏன் மௌனமாகிறது? கொய்சுமி ஜூனிச்சிரோ 2001 முதல் 2006 வரை ஆண்டுக்கொரு முறை யாசுகுனிக்குச் சென்றார். நாடெங்கும் வழக்குகள் எழுந்தன. புகுவோகா மாவட்ட நீதிமன்றம் 2004-இலும் ஒசாகா உயர் நீதிமன்றம் 2005-இலும், இழப்பீட்டுக் கோரிக்கையைத் தள்ளுபடி செய்துகொண்டே, அந்த வழிபாடு அரசமைப்புக்கு முரண் என்று தீர்ப்புக்குள் எழுதின. 2006 ஜூன் 23-இல் உச்ச நீதிமன்றமோ, ஒருவர் ஆலயத்துக்குச் செல்வதால் மற்றவரின் மனம் புண்பட்டாலும் அது சட்டம் காக்கும் நலனுக்கு நேர்ந்த கேடு ஆகாது என்று கூறி வழக்கை முடித்தது. முரணா இல்லையா என்ற கேள்விக்குள் நுழையவே இல்லை.

காரணம் வழக்குமன்ற நடைமுறையில் இருக்கிறது. ஜப்பானில் உள்ளாட்சிச் சட்டம், ஒரு நகரத்தின் குடியிருப்பாளர் எவரும் அந்த நகரம் செய்த முறையற்ற செலவைக் கேள்வி கேட்க வழிசெய்கிறது. சு, எஹிமே, சுனகாவா வழக்குகள் அந்த வாசல் வழியாகவே உள்ளே வந்தன. நடுவண் அரசின் செலவுக்கோ செயலுக்கோ அப்படியொரு வாசல் கிடையாது. தனக்கென நேர்ந்த உரிமை இழப்பைக் காட்டினால்தான் வழக்கு நிற்கும். பொதுநல வழக்குகளுக்குப் பழகிப்போன நமக்கு இது வியப்பாக இருக்கும். ஒரு மாவட்ட ஆளுநர் கொடுத்த சில ஆயிரம் யென் சட்டத்தின் பார்வைக்கு உட்படுகிறது, நாட்டின் தலைமை அமைச்சர் செய்த வழிபாடு உட்படுவதில்லை. அரசமைப்பின் 20-ஆம் பிரிவு யாரை முதன்மையாக மனத்தில் வைத்து எழுதப்பட்டதோ அவர்களிடமே அது வலுவிழந்து நிற்கிறது என்பதுதான் இந்தக் கடிதத்தில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

அரண்மனையிலும் இதே நிலைதான். 2019 நவம்பரில், புதிய பேரரசர் புதுநெல்லைத் தெய்வங்களுக்குப் படைத்துத் தாமும் உண்ணும் தைஜோசாய் என்ற சடங்கு பொதுப்பணத்தில் நடைபெற்றது. அது சமயத் தன்மை மிகுந்தது, அரச குடும்பத்தின் தனிச் செலவிலிருந்தே நடத்த வேண்டும் என்று பேரரசரின் தம்பியான இளவரசர் அகிஷினோ முன்கூட்டியே வெளிப்படையாகச் சொன்னார். அரசு கேட்கவில்லை. அரச குடும்பத்துக்குள்ளிருந்தே அரசமைப்பை நினைவூட்டும் குரல் எழுந்ததை நம் ஊடகங்கள் போதிய அளவு கவனிக்கவில்லை.

யாசுகுனியில் தெய்வமாகச் சேர்க்கப்பட்டோர் 24 லட்சத்து 66 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். போர்க் குற்ற வழக்கில் ‘ஏ’ பிரிவின் கீழ்க் குற்றம் சாட்டப்பட்ட 14 பேரின் பெயர்கள் 1978-இல் அமைதியாகச் சேர்க்கப்பட்டன. 1975-க்குப் பிறகு எந்தப் பேரரசரும் அங்கே வழிபடச் சென்றதில்லை. இந்தப் பதினால்வரைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். ஜப்பானியப் படையில் சேர்க்கப்பட்டு இறந்த ஏறத்தாழ 21,000 கொரியர்களும் 28,000 தைவானியரும் அதே பட்டியலில் இருப்பதைப் பற்றி அரிதாகவே பேசுகிறோம். குடும்பத்தாரைக் கேட்காமலே அவர்கள் சேர்க்கப்பட்டார்கள். இறந்தோரின் பெயர் விவரங்களைத் தனியார் சமய நிறுவனமான யாசுகுனிக்குக் கொடுத்தது நலத்துறை அமைச்சகம். என் தந்தையின் பெயரை நீக்குங்கள் என்று கேட்ட கொரியக் குடும்பங்களின் வழக்கை, காலம் கடந்துவிட்டது என்ற காரணத்தால் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இந்தியர்களான நமக்கு யாசுகுனியைப் பற்றிச் சொல்லப்படுவது பெரும்பாலும் டோக்கியோ போர்க் குற்ற விசாரணையில், குற்றம் சாட்டப்பட்ட அனைவரும் குற்றமற்றவர்கள் என்று எழுதிய இந்திய நீதிபதி ராதாபினோத் பாலின் நினைவுச் சின்னம் அங்கே இருக்கிறது என்பதே. 2005-இல் நிறுவப்பட்ட அந்தச் சின்னத்தில் பெருமை கொள்வோர், ஜப்பானியப் படை கொடுமைகள் இழைத்ததற்கான சான்றுகள் மறுக்க முடியாதவை என்று அவரே தம் தீர்ப்பில் எழுதியதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தமிழர்களான நமக்கு அங்கே இன்னொன்றும் இருக்கிறது. ஆலய வளாகத்து அருங்காட்சியகத்தின் முன்கூடத்தில் சி56 31 என்ற நீராவி இயந்திரம் நிறுத்தப்பட்டுள்ளது. 1943-இல், ஜப்பானியப் படை போரின்போது அமைத்த சயாம் – பர்மா ரயில்பாதையின் திறப்பு நாளில் ஓடிய இயந்திரம் அது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர்கள் அந்த 415 கிலோமீட்டர் பாதையில் காலராவிலும் பட்டினியிலும் மடிந்தார்கள். என் பாட்டியின் தம்பி அப்படிப் போனவர். திரும்பவில்லை, நாளும் தெரியாததால் எங்கள் வீட்டில் ஆடி அமாவாசையன்று அவருக்குச் சோறு படைப்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் டோக்கியோ சென்றபோது அந்த இயந்திரத்தின் முன் வெகுநேரம் நின்றேன். இறந்தவரை எப்படி நினைப்பது என்பது அவரை இழந்த வீட்டின் உரிமை என்று அந்தக் கொரியக் குடும்பங்கள் கேட்பது எனக்கு அப்போது முழுமையாக விளங்கியது.

என் வேண்டுகோள் சிறியது. ஆகஸ்ட் மாதத்தில் யாசுகுனிக்குக் காணிக்கை அனுப்பும் ஜப்பானியப் பிரதமர்கள், பலமுறை, கட்சித் தலைவர் என்ற முறையில் சொந்தப் பணத்திலிருந்து அனுப்பியதாகவே அறிவித்திருக்கிறார்கள். ஷின்சோ அபே அப்படித்தான் செய்தார். அதே அபே வசந்தகால, இலையுதிர்கால விழாக்களுக்கு அனுப்பிய மசகாகி மரக்கிளைக் காணிக்கையில் பிரதமர் என்ற பதவிப் பெயரே பொறிக்கப்பட்டிருந்தது. கட்சித் தலைவர், சொந்தப் பணம் என்ற சொற்கள் எஹிமே தீர்ப்பு நிற்பதால் எழுதப்படுபவை. தமிழில் செய்தி சுருக்கப்படும்போது முதலில் வெட்டுப்படுவதும் அவையே. அடுத்த முறை இடம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், காணிக்கை எந்தப் பெயரில், யாருடைய பணத்தில் சென்றது என்ற அந்த ஒரு வரியை நீக்காமல் வெளியிட வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற வழக்கறிஞர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி